டெய்சியிலிருந்து அம்பாசடர் வரை: கேர்ள் ஸ்கவுட்ஸில் மகளை அடுத்த பிரிவுக்கு ஏற்றிவிட ஒரு முழு வழிகாட்டி

மே மாதம் பிறந்தால் போதும், புதிதாகச் சேர்ந்த பெற்றோரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்: "அடுத்த சனிக்கிழமை பிரிட்ஜிங்காமே, நாங்கள் என்ன கொண்டுவர வேண்டும்?" பிரிட்ஜிங் என்பது மகள் ஒரு பிரிவிலிருந்து அடுத்த பிரிவுக்கு ஏறும் விழா. அதற்குத் தண்ணீர் பாட்டிலும் கேமராவும் போதும். ஆனால் அன்றைக்குத் தர வேண்டிய பேட்சுக்கான (சீருடையில் தைக்கும் துணிச் சின்னத்துக்கான) வேலை போன செப்டம்பரிலேயே தொடங்கியிருக்க வேண்டும். அது தெரியாமல் கடைசி வாரத்தில் ஓடுபவர்கள்தான் அதிகம்.

அமெரிக்காவில் மகளைச் சாரணியர் இயக்கமான கேர்ள் ஸ்கவுட்ஸில் சேர்த்துவிட்டு, தாங்கள் அதில் வளராததால் எது எப்போது என்று புரியாமல் நிற்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். வரிசை முக்கியம், அதனால் வரிசைப்படியே போவோம்.

1. பிரிவை வகுப்பை வைத்துக் கணக்கிடுங்கள்

வயதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பள்ளியில் என்ன வகுப்போ அதுதான் பிரிவைத் தீர்மானிக்கும். கிண்டர்கார்டனும் 1ஆம் வகுப்பும் டெய்சி. 2, 3 பிரவுனி. 4, 5 ஜூனியர். 6, 7, 8 கெடெட். 9, 10 சீனியர். 11, 12 அம்பாசடர்.

கெடெட்டுக்கு மட்டும் மூன்று ஆண்டு, மற்ற எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு. அதனால் பிரிட்ஜிங் ஆண்டுதோறும் வருவதில்லை. ஒரு பிரிவின் கடைசி ஆண்டில் மட்டுமே வரும். 2ஆம் வகுப்புப் பெண்ணுக்கு ஆண்டு முடிவில் ஜூனியர் சீருடையான பச்சை வெஸ்ட் (கையில்லாத மேலங்கி) வாங்கி வைத்துக்கொண்டு, "ஏன் எங்கள் பெண்ணை மட்டும் ஏற்றவில்லை?" என்று கேட்கும் அப்பாக்கள் உண்டு. அவள் இன்னும் ஓராண்டு பிரவுனிதான்.

வகுப்பு தாண்டிப் படிப்பவள், ஓராண்டு தாமதமாகப் பள்ளியில் சேர்ந்தவள் என்று சந்தேகம் இருந்தால் அவளுடைய ட்ரூப்பை (குழுவை) நடத்தும் லீடரிடம் முன்னதாகவே பேசிவிடுங்கள். கூடப் படிக்கும் பெண்களோடு இருப்பதுதான் இதன் நோக்கம். பிறந்த தேதியைக் காட்டி வாதாடுவதில் பலன் இல்லை.

2. அக்டோபர் 1ஐக் காலண்டரில் குறித்து வையுங்கள்

உறுப்பினர் ஆண்டு அக்டோபர் 1இல் தொடங்கி அடுத்த செப்டம்பர் 30இல் முடியும். ஆனால் புதுப்பிக்கச் சொல்லி மின்னஞ்சல் வசந்த காலத்திலேயே வந்துவிடும். அப்போதே முடித்துவிடுவது நல்லது. கோடை விடுமுறையில் ஊருக்குப் போய்த் திரும்பி, பள்ளி தொடங்கும் பரபரப்பில் இதை மறந்தவர்கள் நிறைய.

புதுப்பிக்கும்போது வகுப்பு கேட்கும் இடத்தில் கவனம் வேண்டும். வரப்போகும் பள்ளி ஆண்டில் அவள் படிக்கப்போகும் வகுப்பைத் தர வேண்டும். பழைய வகுப்பையே விட்டுவிட்டால் பதிவில் அவள் பழைய பிரிவிலேயே நிற்பாள். பிறகு உங்கள் வட்டாரத்தின் கேர்ள் ஸ்கவுட்ஸ் நிர்வாக அமைப்பான கவுன்சிலுக்கு எழுதித் திருத்த வேண்டிவரும்.

வெறும் காகித வேலை என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள். பதிவு செய்த உறுப்பினருக்குத்தான் நடவடிக்கைகளின்போது விபத்துக் காப்பீடு உண்டு. பதிவு காலாவதியான பெண்ணை முகாமுக்கு அழைத்துப்போக லீடர் தயங்குவதற்கு அதுதான் காரணம். கட்டணம் சுமையாக இருந்தால் கவுன்சிலில் நிதி உதவி கேட்கலாம். கூச்சப்பட ஒன்றுமில்லை, அதற்காகவே வைத்திருக்கிறார்கள்.

3. பழைய பிரிவில் பாதியில் நிற்பதை முதலில் முடியுங்கள்

ஒரு பிரிவுக்கான பேட்ஜை, அதாவது ஒரு திறனைக் கற்று முடித்ததற்கான சின்னத்தை, அந்தப் பிரிவில் இருக்கும்போதுதான் பெற முடியும். பிரவுனியாகிவிட்டவள் திரும்பிப் போய் டெய்சி இதழ்களை (பூவிதழ் வடிவச் சின்னங்களை) வாங்க முடியாது. அதனால் கடைசி ஆண்டின் ஜனவரியில் வெஸ்டை மேசையில் விரித்துப் போட்டு, மகளோடு உட்கார்ந்து பாருங்கள். வட்டமாக வைக்க வேண்டிய இதழ்களில் இரண்டு காலியாக இருக்கிறதா? அந்தக் கூட்டங்களுக்கு அவள் வராமல் போயிருப்பாள். என்ன செய்தால் அதை ஈடுகட்டலாம் என்று லீடரிடம் கேளுங்கள். பெரும்பாலும் வீட்டிலேயே செய்யக்கூடியதாக இருக்கும்.

அதே சமயம் இதைப் பாடத்திட்டம்போல நடத்தாதீர்கள். ஒரு பிரிவில் உள்ள எல்லா பேட்ஜையும் யாரும் முடிப்பதில்லை, முடிக்கவும் தேவையில்லை. மேலே போக இத்தனை பேட்ஜ் வேண்டும் என்ற விதியும் கிடையாது. நம்மவர்களில் சிலர் பேட்ஜ் பட்டியலை அச்சிட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டி, வாரத்துக்கு ஒன்று என்று டிக் அடிக்க வைக்கிறார்கள். 3ஆம் வகுப்பிலேயே பிள்ளைக்கு அலுத்துவிடும். அவளே ஆசையாகத் தொடங்கிப் பாதியில் நிற்பதை மட்டும் முடிக்க உதவுங்கள்.

4. பிரிட்ஜிங் விருதின் இரண்டு பாதிகள்

பலர் தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

முதலில் ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். அடுத்த பிரிவுக்குப் போவது தானாக நடக்கும். அதற்கு எந்த விருதும் தேவையில்லை. பிரிட்ஜிங் விருது என்பது அந்த மாற்றத்துக்காகத் தயாரானவளுக்குக் கிடைக்கும் வளைந்த பேட்ச். அதைச் சம்பாதிக்க வேண்டும். அதற்கான வேலை இரண்டு வகை: தனக்குத் தெரிந்ததைச் சின்னவர்களுக்குச் சொல்லித்தருவது ஒன்று, அடுத்த பிரிவு எப்படி இருக்கும் என்று மூத்தவர்களிடம் போய்த் தெரிந்துகொள்வது இன்னொன்று.

சொல்லித்தருவது என்றதும் பெரிதாக எதையோ கற்பனை செய்துகொள்கிறோம். 1ஆம் வகுப்பு டெய்சி ஒருத்தி, கிண்டர்கார்டன் குழந்தைகளுக்கு நட்பு வட்டம் சொல்லித்தந்தால் போதும். பார்க்க எளிதாகத் தெரியும் அதில் அவர்களுக்கு எவ்வளவு வேலை தெரியுமா? எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும். வலது கையை இடது கைக்கு மேலே குறுக்கே போட்டுப் பக்கத்தில் இருப்பவளின் கையைப் பிடிக்க வேண்டும். கிண்டர்கார்டன் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு எது வலது என்று தெரியாது. சொல்லித்தருபவள் எதிரே நின்று செய்து காட்டுவாள், அவர்கள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றிச் செய்வார்கள். இரண்டு முறை அப்படியே போகும். அப்புறம் அவளுக்கே தோன்றும்: எதிரே நிற்பதை விட்டுவிட்டு, வட்டத்துக்குள் போய் அவர்கள் பக்கத்திலேயே நின்று கையை எடுத்து வைப்பாள். ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு அழுத்தம் ஓடி அவளிடமே திரும்பி வரும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

அந்த நேரத்தில் நீங்கள் எழுந்து போய், "வலது கைடா கண்ணா" என்று எடுத்துக்கொடுத்தால் காரியம் கெட்டது. சொல்லித்தருவதில் வரும் சிக்கலை அவளே அவிழ்க்கத்தான் இந்தப் பாதியே.

பெரிய பிரிவுகளில் இது கனமாகும். ஜூனியர் பெண்கள் பிரவுனிகளுக்கு ஒரு முழுக் கூட்டத்தை நடத்தலாம். கெடெட் பெண்கள் சின்னவர்களுக்கு முடிச்சுப் போடவும் கூடாரம் அடிக்கவும் கற்றுத்தரலாம். பெற்றோர் ஸ்லைடு தயாரித்து, மகள் அதைப் படித்துக் காட்டும் கூத்து அதிகம் நடப்பது 5ஆம் வகுப்பில்தான். கேட்கும் பிரவுனிகளுக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இரண்டாவது பாதிக்கு மூத்த ட்ரூப் ஒன்று வேண்டும். அவர்களின் கூட்டத்துக்குப் போய் உட்காரலாம், அவர்களை அழைத்துக் கேள்வி கேட்கலாம், சேர்ந்து ஒரு நடவடிக்கை செய்யலாம். உங்கள் பகுதியின் சர்வீஸ் யூனிட்டில், அதாவது அக்கம்பக்க ட்ரூப்களை ஒருங்கிணைக்கும் தன்னார்வலர் குழுவில், கேட்டால் அருகில் யார் இருக்கிறார்கள் என்று சொல்வார்கள். இதை இலையுதிர் காலத்திலேயே கேட்டுத் தேதி வாங்கிவிடுங்கள். பல இடங்களில் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை, ட்ரூப்புக்குப் பணம் சேர்க்கும் குக்கீ விற்பனை ஓடும். அந்தச் சமயத்தில் எந்த லீடரும் பதில் அனுப்பமாட்டார். குக்கீ முடிந்து கேட்டால், எல்லா ட்ரூப்பும் ஒரே மூத்த ட்ரூப்பை மொய்த்துக்கொண்டு நிற்கும்.

போகும் முன் மகளிடம் மூன்று கேள்விகளை எழுதிவைக்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுதித்தர வேண்டாம். "முகாமில் இரவு பயமாக இருந்ததா?" என்பதுபோன்ற கேள்விக்குத்தான் மூத்த பெண்கள் உண்மையாகப் பதில் சொல்வார்கள்.

5. ட்ரூப் சேர்ந்தே போகிறதா என்று கேளுங்கள்

எல்லா ட்ரூப்பும் அப்படியே அடுத்த பிரிவுக்குப் போவதில்லை. சில ட்ரூப்களில் ஒரே வகுப்புப் பெண்கள் சேர்ந்தே ஏறுவார்கள். சில கலப்பு ட்ரூப்களில் டெய்சி முதல் ஜூனியர் வரை ஒன்றாக இருப்பார்கள். அங்கே உங்கள் மகள் மட்டும் வெஸ்ட் மாற்றிக்கொண்டு அதே அறையில் இருப்பாள். இன்னும் சில, லீடரின் மகள் விலகியதும் கலைந்துவிடும். 5இலிருந்து 6ஆம் வகுப்புக்குப் போகும்போது இது அதிகம் நடக்கிறது. நடுநிலைப் பள்ளி வந்ததும் நீச்சல், இசை, கணிதப் போட்டி என்று எல்லாம் ஒரே மாலையில் மோதும்.

ஜனவரி பிப்ரவரியிலேயே லீடரிடம் நேராகக் கேளுங்கள்: "அடுத்த ஆண்டு நீங்கள் தொடர்கிறீர்களா?" இல்லை என்றால் மூன்று வழி உண்டு. வேறு ட்ரூப்புக்கு மாறலாம். புதுப்பிக்கும்போதே மாற்றிக்கொள்ள வசதி இருக்கிறது. பெற்றோர் இருவர் பொறுப்பெடுத்துப் புதிதாகத் தொடங்கலாம். அந்த இருவரும் ஒரே குடும்பத்தினராக இருக்கக் கூடாது, பின்னணிச் சரிபார்ப்பும் உண்டு. அதனால் கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்திவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். மூன்றாவது, ட்ரூப் இல்லாமல் தனி உறுப்பினராகத் தொடர்வது. இப்படித் தொடர்பவளை ஜூலியட் என்பார்கள். அவளும் பேட்ஜ், பிரிட்ஜிங், உயர் விருதுகள் எல்லாவற்றையும் பெறலாம்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. குக்கீ விற்றுச் சேர்ந்த பணம் ட்ரூப்புக்குச் சொந்தம். என் மகள் இத்தனை பெட்டி விற்றாள், அவள் பங்கைக் கொடுங்கள் என்று கேட்க முடியாது. ட்ரூப் கலைந்தால் மீதிப் பணம் எங்கே போகும் என்பதற்குக் கவுன்சில் விதி உண்டு. இதில் மனத்தாங்கல் வந்து பேச்சே நின்றுபோன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்; முன்பே தெரிந்திருந்தால் அந்தச் சண்டையே வந்திருக்காது.

6. வெஸ்ட்: எதை மாற்றுவது, எதை விடுவது

டெய்சிக்கு நீலம், பிரவுனிக்குப் பழுப்பு, ஜூனியருக்குப் பச்சை. கெடெட், சீனியர், அம்பாசடர் மூன்றுக்கும் ஒரே காக்கி. டெய்சிக்கு மேலே உள்ள பிரிவுகளில் வெஸ்ட் வேண்டாமென்றால் சாஷ், அதாவது தோளில் குறுக்கே போடும் பட்டை, வாங்கலாம். ஆனால் பேட்ஜ் நிறைய சேர்ப்பவளுக்கு அதில் இடம் பற்றாது.

காக்கி வெஸ்டை 6ஆம் வகுப்பிலிருந்து 12 வரை, அதாவது ஏழு ஆண்டு போட வேண்டும். அளவாக வாங்கிவிட்டு 8ஆம் வகுப்பில் எல்லா பேட்ஜையும் பிரித்துப் புதிதில் தைத்துக்கொண்டிருக்கும் அம்மாக்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஓர் அளவு பெரிதாகவே வாங்குங்கள்.

பிரிட்ஜிங் பேட்ச் புது வெஸ்டில்தான் போக வேண்டும். பழையதில் தைத்துவிடுவது எல்லோரும் செய்யும் பிழை. பிரவுனிக்கு ஏறியதற்கான வளைவு பழுப்பு வெஸ்டில் இருக்கும், டெய்சி நீலத்தில் அல்ல. விழாவன்று அதைக் கையில்தான் தருவார்கள் என்பதால் புது வெஸ்டை முன்பே வாங்கி, கவுன்சில் பட்டையையும் ட்ரூப் எண்ணையும் தைத்து வைத்துவிடுங்கள்.

பழைய பிரிவின் பேட்ஜ்களைப் பிய்த்துப் புதிதில் ஒட்டக் கூடாது. அவை பழைய வெஸ்டோடு இருக்கும். உறுப்பினர் நட்சத்திரங்கள் கூடவே வரும். ஓராண்டுக்கு ஒரு நட்சத்திரம். அதன் அடியில் வைக்கும் வட்டத்தின் நிறம் எந்தப் பிரிவில் பெற்றது என்று காட்டும்: டெய்சிக்கு நீலம், பிரவுனிக்குப் பச்சை, ஜூனியருக்கு மஞ்சள், கெடெட்டுக்கு வெள்ளை, சீனியருக்குச் சிவப்பு, அம்பாசடருக்குக் கருநீலம். நட்சத்திரத்தைக் கழற்றும்போது இந்த வட்டங்கள் சோபாவுக்கு அடியில் காணாமல் போகும். ஒரு சின்ன டப்பாவில் போட்டுப் பிறகு மாற்றுங்கள்.

முகாம், சுற்றுலா, குக்கீ விற்பனை என்று கிடைக்கும் வேடிக்கை பேட்ச் எல்லாம் வெஸ்டின் முதுகுப் பக்கம். முன்பக்கம் அதிகாரபூர்வமானவற்றுக்கு மட்டும். இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று அட்டையில் எழுதியிருந்தாலும் ஓரங்களில் நாலு தையல் போட்டுவிடுங்கள். சலவை இயந்திரத்துக்கு அந்தப் பசை தாங்காது.

7. விழா நாள்

பூங்காவில் இருக்கும் சின்ன மரப்பாலமே போதும். பாலம் இல்லாவிட்டால் தரையில் சாக்பீஸால் வரைந்த பாலமும் பாலம்தான். பழைய பிரிவு ஒரு பக்கம், புதிய பிரிவு மறுபக்கம். பெண் நடந்து கடப்பாள், மறுபக்கத்தில் மூத்த பெண் ஒருத்தி வரவேற்பாள். வடக்கு கலிஃபோர்னியாவில் 5ஆம் வகுப்பு ஜூனியர்கள் கோல்டன் கேட் பாலத்தையே நடந்து கடந்து கெடெட் ஆகும் பெரிய நிகழ்ச்சி உண்டு. அதற்கு வெகு முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும்.

விழாவை யார் திட்டமிடுவது? பெண்கள்தான். எந்தப் பாட்டு, யார் உறுதிமொழி சொல்வது, கடந்ததும் என்ன செய்வது என்று அவர்களைப் பேச விடுங்கள். டெய்சிகளுக்கு இரண்டு தெரிவுகள் கொடுத்து ஒன்றை எடுக்கச் சொன்னால் போதும். ஜூனியருக்கு வெற்றுத் தாளே கொடுக்கலாம்.

விருதுக்கான வேலையை முடிக்காதவளும் பாலத்தைக் கடக்கலாம், பேட்ச் மட்டும் கிடைக்காது. இதை மகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். எல்லோர் கையிலும் இருக்கும் ஒன்று தன்னிடம் மட்டும் இல்லை என்பது அவளுக்கு அங்கே போய்த் தெரியக் கூடாது.

4ஆம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவளுக்கு, அல்லது இந்தியாவிலிருந்து வந்து நடுவில் இணைந்தவளுக்கு, சேரும்போது பிரிட்ஜிங் கிடையாது. அவளுக்கு நடப்பது இன்வெஸ்டிச்சர், அதாவது முதன்முதலாக உறுதிமொழி எடுத்து உறுப்பினர் சின்னத்தைக் குத்திக்கொள்ளும் சடங்கு. கீழ்ப் பிரிவுகளைத் தவறவிட்டோமே என்று வருந்த வேண்டாம். யாரும் அதை ஒரு குறையாகப் பார்ப்பதில்லை.

8. வெண்கலம், வெள்ளி, தங்கம்: பிரிவோடு கட்டப்பட்ட காலக்கெடு

சமூகத்துக்குப் பயன்படும் ஒரு திட்டத்தைச் செய்து பெறும் இந்த உயர் விருதுகளை, அவற்றுக்கான பிரிவைத் தாண்டிய பிறகு எடுக்க முடியாது. வெண்கலம் ஜூனியருக்கு, வெள்ளி கெடெட்டுக்கு, தங்கம் சீனியருக்கும் அம்பாசடருக்கும். 5ஆம் வகுப்பு முடித்தபின் வரும் செப்டம்பர் 30தான் வெண்கலத்துக்குக் கடைசி நாள். வெள்ளிக்கு 8ஆம் வகுப்பு முடித்தபின் வரும் செப்டம்பர் 30. உங்கள் கவுன்சில் அதற்கும் முன்பே அறிக்கை கேட்கலாம்.

ஒவ்வொன்றுக்கும் முன்தேவை உண்டு. அதைக் கவுன்சில் தளத்தில் அந்தந்த ஆண்டே பார்த்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டு அக்கா எடுத்தபோது இருந்த விதியை நம்பாதீர்கள். உழைப்பாக எதிர்பார்ப்பது சுமார் 20, 50, 80 மணி நேரம் என்று ஏறிக்கொண்டே போகும். வெண்கலத்தைக் குழுவாகச் செய்வார்கள். வெள்ளியைச் சிறு குழுவாகவோ தனியாகவோ செய்யலாம். தங்கம் முழுக்கத் தனி ஆள் வேலை, திட்டத்துக்குக் கவுன்சிலின் ஒப்புதல் வாங்கிய பிறகே தொடங்க வேண்டும். ஒப்புதலுக்கு முன் செய்த வேலை கணக்கில் வராமல் போவது மாணவிகளுக்கு நேரும் பெரிய ஏமாற்றம்.

வெள்ளி எடுக்காவிட்டாலும் தங்கம் எடுக்கலாம். 6ஆம் வகுப்பில் சோர்ந்துபோன பெண்ணுக்கு இதைச் சொன்னால் கொஞ்சம் மூச்சு வரும்.

தங்கத்தை 12ஆம் வகுப்புக்குத் தள்ளாதீர்கள். அப்போது கல்லூரி விண்ணப்பங்கள் கழுத்தைப் பிடிக்கும். 9ஆம் வகுப்பில் யோசிக்கத் தொடங்கி, 10ஆம் வகுப்பின் கோடையில் வேலையை வைத்துக்கொள்பவர்கள் நிம்மதியாக முடிக்கிறார்கள்.

9. "எனக்குப் போதும்மா" என்று சொன்னால்

6, 7ஆம் வகுப்பில் இது கட்டாயம் வரும். உடனே திட்டவும் வேண்டாம், உடனே விலக்கவும் வேண்டாம். எது போதும் என்று கேளுங்கள். சிலருக்கு ட்ரூப்பில் தோழி இல்லை. சிலருக்கு வெஸ்ட் போட்டுக்கொண்டு பள்ளிப் பக்கம் வர வெட்கம். சிலருக்குக் கூட்டங்கள் இன்னும் பிரவுனி காலத்துக் கைவேலையாகவே இருக்கின்றன. இது லீடரிடம் சொல்ல வேண்டிய விஷயம், அவருக்கும் தெரிந்தால்தான் மாற்ற முடியும்.

கெடெட் வயதில் சின்னவர்களுக்கு உதவும் புரோகிராம் எய்ட் பயிற்சி உண்டு. ட்ரூப்பில் ஒட்டாத பெண்கூட இரண்டு மணி நேரம் டெய்சிகளை மேய்க்கச் சொன்னால் உற்சாகமாகக் கிளம்புவாள். அதுவும் பிடிக்கவில்லை என்றால் ஆண்டு முடியும்வரை இருந்துவிட்டு நிறுத்தட்டும். நடுவில் நிறுத்தினால், அவளை நம்பிக் குக்கீ கடைக்கு முறை போட்ட தோழிகள்தான் சிரமப்படுவார்கள்.

10. 12ஆம் வகுப்புக்குப் பிறகு

கடைசிப் பாலம் அம்பாசடரிலிருந்து பெரியவர் உறுப்பினராவது. இதற்கும் தனிப் பிரிட்ஜிங் விருது உண்டு. இந்த முறை பதிவு, கூட்டம், தேதி எல்லாவற்றையும் அவளே பார்த்துக்கொள்வாள். உங்கள் வேலை ஒன்றுதான்: பள்ளி முடிக்கும் பெண்களுக்குக் குறைந்த கட்டணத்தில் வாழ்நாள் உறுப்பினர் பதிவு இருக்கிறது; அந்தச் சலுகைக்குக் காலக்கெடு உண்டு என்பதால், பட்டமளிப்பு விழாக் கூச்சலில் மறந்துவிடாமல் நினைவூட்டுங்கள். கல்லூரிக்குப் போகும்போது காக்கி வெஸ்டை எடுத்துப்போகிறாளா, வீட்டு அலமாரியில் விடுகிறாளா என்பது அவள் பாடு.